கோரிடோரஸ் குஞ்சுகள் ஐந்தாம் நாளில் ஏன் சாகின்றன? தொட்டிக் கெளுத்திகளின் இனப்பெருக்கமும் குஞ்சு வளர்ப்பும்

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் ஆறு வெண்கலக் கோரிடோரஸ்கள் இருக்கின்றன. மாதம் ஒரு முறையாவது கண்ணாடியில் முட்டை ஒட்டிவிடுகின்றன. தனி டப்பாவில் எடுத்து வைத்தால் பாதி பொரிகிறது. பொரிந்த குஞ்சுகளோ ஐந்தாறு நாளில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. அம்மோனியா சோதனையில் பூஜ்யம்தான் வருகிறது. இன்னொரு தொட்டியில் பிரிஸ்டில்நோஸ் என்ற மீசைக் கெளுத்தி ஒரு ஜோடி. அதில் ஆண் முட்டைகளைக் குகைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: கோரிடோரஸ் முட்டையிடுவது அதிசயமில்லை. நன்றாகத் தின்று, நல்ல தண்ணீரில், கூட்டமாக இருந்தாலே முட்டையிட்டுவிடும். பொரிந்த மூன்றாம் நாளிலிருந்து மூன்றாம் வாரம் வரை குஞ்சைக் காப்பாற்றுவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. உங்கள் குஞ்சுகள் நோயில் சாகவில்லை என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். அவை சாவது டப்பாவின் அடித்தரையால்.

கோரிடோரஸ் குஞ்சு நீந்தித் திரிவதில்லை. பிறந்தது முதல் வயிற்றைத் தரையில் பதித்துத்தான் கிடக்கும். நீங்கள் போடும் தீனியில் தின்றது போக மிச்சம், குஞ்சுகளின் கழிவு, செத்த ஆர்டீமியா (தீனியாகப் பொரித்துப் போடும் நுண்ணிய உப்புநீர் இறால்), முட்டைத் தோல் எல்லாம் வந்து படிவதும் அதே தரையில்தான். ஒரே நாளில் அங்கே பாக்டீரியாப் படலம் ஒன்று உருவாகிவிடும். டப்பாவைக் காலி செய்துவிட்டு அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அதில் இருபத்து நான்கு மணி நேரமும் வயிறும் இடுப்புத் துடுப்பும் உரசிக்கொண்டு கிடந்தால் முதலில் துடுப்பு விளிம்பு அரிக்கும், பிறகு வயிற்றுத் தோல் சிவக்கும், மறுநாள் குஞ்சு இருக்காது. சோதனைக்கு நீங்கள் மேல்மட்டத் தண்ணீரை எடுக்கிறீர்கள். அதில் அம்மோனியா பூஜ்யம் என்று வருவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குஞ்சு வாழ்வது கடைசி அரை சென்டிமீட்டரில், அங்கே நிலைமை வேறு.

இதற்கு என்ன செய்வது என்பதைத் தாய் தந்தையிலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன். பாதி முட்டை பொரியாமல் போவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஆறு மீனில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று முதலில் பாருங்கள். மேலிருந்து பார்க்க வேண்டும். பெண் அகலமாக, இடுப்புத் துடுப்புக்கு முன்னால் புடைத்துத் தெரியும். ஆண் ஒல்லியாக, சற்றுச் சிறியதாக இருக்கும். இடுப்புத் துடுப்பு பெண்ணுக்கு விசிறிபோல வட்டமாகவும் ஆணுக்குச் சற்றுக் கூராகவும் இருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்பது நல்ல கணக்கு. நான்கு பெண்ணும் இரண்டு ஆணும் இருந்தால் கருக்கூடாத முட்டைகள் அதிகம் வருவதில் வியப்பில்லை.

இவை கருவூட்டும் விதமே தனி. ஆண் பக்கவாட்டில் சாய்ந்து நிற்க, பெண் தன் வாயை அதன் வயிற்றருகே வைத்து ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்துப் போலத் தெரியும். அந்தச் சில வினாடிகளில் பெண் விந்தை விழுங்குகிறது. அது குடல் வழியாகவே வேகமாகக் கடந்து, இடுப்புத் துடுப்புகளைக் கூட்டிப் பை போலாக்கிப் பிடித்திருக்கும் முட்டைகள்மேல் வந்து விழுகிறது. வெண்கலக் கோரிடோரஸில் இதைச் சாயம் கொடுத்துச் சோதித்து 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பிறகு பெண் கண்ணாடியையோ இலையையோ வாயால் துடைத்துவிட்டு அந்த முட்டைகளை அங்கே ஒட்டும். இதே சுற்று பல மணி நேரம் நடக்கும். நடுவில் விளக்கைப் போட்டு அணைப்பது, தொட்டிக்குள் கைவிடுவது எல்லாம் சுற்றை உடைத்துவிடும்.

முட்டையின் தரம் தீனியில் இருக்கிறது. உறைய வைத்த ரத்தப்புழு, கழுவிய உயிருள்ள டியூபிஃபெக்ஸ் அல்லது கரும்புழு, நல்ல மூழ்கும் குருணை ஆகியவற்றை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் தினமும் இரண்டு வேளை கொடுங்கள். ஒரு வேளை விளக்கு அணைந்த பிறகு இருக்கட்டும். பகலில் போடுவதை மற்ற மீன்கள் கொள்ளையடித்துவிடும், கெளுத்திக்கு மிச்சம் கிடைக்காது. பெண்கள் சினை பிடித்துப் பருத்ததும் மாலையில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, தொட்டி வெப்பத்தைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த, உப்புச்செறிவு குறைந்த தண்ணீரை ஊற்றுங்கள். காற்றையும் கூட்டுங்கள். மழைக்காலம் தொடங்கியதாக மீன் எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை ஆண்கள் பெண்ணைத் துரத்துவது தெரிந்தால் வேலை ஆனது. இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் தினமும் குளிர்நீர் ஊற்றி மீனை அலைக்கழிக்க வேண்டாம். இரண்டு வாரம் 27 டிகிரியில், தீனியும் தண்ணீர் மாற்றமும் குறைத்து, கோடைபோல விட்டுவிடுங்கள். பிறகு தீனியைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தால் பெரும்பாலும் பலிக்கும்.

வெண்கலக் கோரிடோரஸுக்கு 24 முதல் 26 டிகிரி சரி. மிளகுக் கோரிடோரஸ் எனப்படும் பேலியேட்டஸ் குளிர் விரும்பி, 20 முதல் 23 போதும். ஸ்டெர்பாய் வெப்பத்தைத் தாங்கும், 26 முதல் 28. இவற்றை ஒரே தொட்டியில் கலந்து வைத்து முட்டை எடுக்காதீர்கள். நெருங்கிய இனங்கள் கலந்துவிடும், பிறகு குஞ்சு எதன் குஞ்சு என்று யாராலும் சொல்ல முடியாது. 2024-இல் கோரிடோரஸ் பேரினத்தையே பலவாகப் பிரித்துவிட்டார்கள். வெண்கலம் இப்போது ஆஸ்டியோகாஸ்டர், மிளகும் ஸ்டெர்பாயும் ஹாப்லிசோமா. ஆனால் வளர்ப்பவர்கள் எல்லோரும் இன்னும் கோரி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

முட்டையிட்டு முடித்த ஓரிரு மணி நேரம் தொடாதீர்கள். புதிதாக ஒட்டிய முட்டை மென்மையாக இருக்கும். தோல் கொஞ்சம் இறுகியதும், ஈர விரல் நுனியால் கண்ணாடியோடு சேர்த்து மெல்ல உருட்டினால் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் வழித்தும் எடுக்கலாம். வெண்கலமும் மிளகும் கெட்டித் தோல், பயப்பட வேண்டாம். பாண்டா கோரியின் முட்டை நசுங்கும், அதை இலையோடோ பாசியோடோ எடுப்பதே நல்லது. முட்டைகளைக் கொத்தாக விடாமல் ஒன்றுக்கொன்று தொடாதபடி பரப்புங்கள். செத்த முட்டையில் பிடிக்கும் பூஞ்சை இழைகள் பக்கத்து முட்டையைத்தான் முதலில் பற்றும்.

பொரிப்பு டப்பாவில் தாய்த் தொட்டித் தண்ணீரையே விடுங்கள். ஐந்து லிட்டர் போதும். முட்டைகளுக்கு அருகே மெல்லிய குமிழ் வரும்படி ஒரு ஏர் ஸ்டோன் வையுங்கள். 1 சதவீத மெத்திலீன் ப்ளூ கரைசல் கையில் இருந்தால் 5 லிட்டருக்கு 1 மில்லி. தண்ணீர் வானநீலமாக, முட்டை தெரியும்படி இருக்க வேண்டும். மை போலக் கறுத்தால் அதிகம். இந்த மருந்து இருக்கும்போது பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை உள்ளே வைக்காதீர்கள். பூஞ்சையோடு சேர்த்து ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். முட்டையைக் காப்பாற்றிவிட்டு, குஞ்சு வந்ததும் வேலை செய்யாத ஃபில்டரை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். மருந்து வேண்டாம் என்றால் காய்ந்த நாட்டுப் பாதாம் மரத்து இலை ஒன்று போட்டு, தண்ணீர் தேநீர் நிறம் வரும்வரை ஊற விடுங்கள். பூஞ்சையை முழுதாக நிறுத்தாது, தாமதப்படுத்தும்.

நாள்தோறும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நாள் எல்லா முட்டையும் ஏறத்தாழ ஒரே மாதிரி, கண்ணாடிபோல இருக்கும். அடுத்த நாள் கருக்கூடியவை தேன் நிறத்துக்கு மாறத் தொடங்கும், கூடாதவை சுண்ணாம்பு வெள்ளையாகும். வெள்ளையானதை உடனே சாமணத்தால் எடுத்துவிடுங்கள். பஞ்சு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்றாம் நாள் உள்ளே சுருண்டிருக்கும் வால் தெரியும், பக்கத்தில் இரண்டு கருப்புப் புள்ளிகளாகக் கண். கண் தெரிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி மருந்தை நீர்க்கச் செய்யுங்கள், மறுநாள் இன்னொரு பாதி. 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்துவிடும். கண் வந்தும் வெளியே வர முடியாமல் முட்டைக்குள்ளேயே துடிப்பவை இருந்தால் ஒரு டிகிரி குளிர்ந்த புதுத் தண்ணீர் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உடைத்துக்கொண்டு வரும்.

முட்டை எல்லாமே வெள்ளையானால் மெத்திலீன் ப்ளூவைக் கூட்டுவதில் பயனில்லை. பூஞ்சை செத்த முட்டையில்தான் முதலில் ஏறுகிறது. ஆண்கள் போதாமை, ஆணின் வயது, அதிகக் கடினநீர், இளம் பெண்ணின் முதல் ஈடு (ஒரு முறை இடும் முட்டைகள்) ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு ஈடு பாழாவது சாதாரணம்.

இனி, நீங்கள் கேட்ட இடம்.

பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கருப் பை இருக்கும். இரண்டு நாள் அதுவே உணவு. இந்த இரண்டு நாளில் எதையும் போடாதீர்கள். "பசிக்குமே" என்று இரக்கப்பட்டுப் போடும் அவித்த மஞ்சள்கருவும் தூள்தீனியும்தான் தரையைக் கெடுக்கும் முதல் பொருள். காலி முட்டைத் தோல்களை இந்த நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பை வற்றியதும், அதாவது மூன்றாம் நாள், முதல் தீனி.

அதற்கு முன்பே, இரண்டாம் நாளில், குஞ்சுகளை வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். 5 லிட்டர் டப்பா பொரிப்பதற்கு மட்டும். வளர்ப்புக்கு உயரம் வேண்டாம், தரைப்பரப்பு வேண்டும். 40 x 25 செ.மீ. தரையுள்ள தொட்டியில் 10 செ.மீ. தண்ணீர் வைத்தால் 10 லிட்டர். ஐம்பது குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் போதும். தாய்த் தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே எடுத்து வையுங்கள். குமிழ் மெதுவாக வரட்டும், நீரோட்டத்தில் குஞ்சு உருண்டால் தின்ன முடியாது. தரை கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. வெறும் கண்ணாடித் தரை துடைக்கச் சுலபம், ஆனால் தினமும் துடைத்தே ஆக வேண்டும், ஒரு நாள் தவறினால் படலம் வந்துவிடும். நன்றாகக் கழுவிய மென்மணலை ஒன்றிரண்டு மணல் துகள் கனத்துக்கு, தரை மூடும் அளவுக்கு மட்டும் தூவினால் படலம் ஒரே தகடாகப் படர முடியாது, குஞ்சும் இயல்பாக மூக்கால் கிளறும். என் தேர்வு மணல்தான். ஆனால் அரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் மிச்சத் தீனி உள்ளே புதைந்து, நீங்கள் தப்பிக்க நினைத்ததையே மண்ணுக்கடியில் வளர்ப்பீர்கள். கூடவே நான்கைந்து சிறிய ராம்ஸ்ஹார்ன் நத்தைகள் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலைகளில் கிடக்கும் மிச்சத்தை அவை தின்னும், உயிருள்ள குஞ்சைத் தொடாது.

தீனியில் முதலிடம் புதிதாகப் பொரித்த ஆர்டீமியாவுக்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, 26 முதல் 28 டிகிரி, பக்கத்தில் விளக்கு. கவிழ்த்த பாட்டிலின் அடியிலிருந்து பலமாகக் காற்று வர வேண்டும், முட்டை எங்கும் தேங்கக் கூடாது. ஐம்பது நூறு குஞ்சுக்கு ஒரு நாளைக்குக் கால் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை தாராளம். சுமார் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கூடுகள் மேலே மிதக்கும், பொரியாதவை அடியில் தங்கும். வெளிச்சம் காட்டும் இடத்தில் உயிருள்ளவை வந்து குவியும். அந்த இடத்திலிருந்து மட்டும் குழாயால் இறக்கி, நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டி, நன்னீரில் அலசிப் போடுங்கள். கூடு கலந்துவிட்டால் குஞ்சு அதை விழுங்கும், செரிக்காது. பொரித்த அன்றே கொடுங்கள். ஆர்டீமியாவுக்கும் தன் கருவுணவு உண்டு, நேரம் ஆக ஆக அதைத் தானே தின்று சத்திழந்துவிடும். நன்னீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தின்று தீரும் அளவே சரியான அளவு.

மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு இரண்டாவது. ஆனால் ஊர் விட்டு ஊர் போகும்போதும் ஆர்டீமியா பொரியாத நாளிலும் இதுதான் கைகொடுக்கும். தண்ணீரில் வேகவைத்த ஓட்ஸ் கூழை ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, பழைய வளர்ப்பிலிருந்து ஒரு தேக்கரண்டி சேருங்கள். மூடியில் ஊசித் துளைகள் போடுங்கள். நான்கைந்து நாளில் புழுக்கள் டப்பாச் சுவரில் வெள்ளைப் பனிபோல ஏறும். சுத்தமான விரலால் வழித்துத் தண்ணீரில் கலக்கினால் போதும், கூழ் ஒட்டக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் புளித்து நாறும், அதற்குள் அடுத்த டப்பா தொடங்கியிருக்க வேண்டும். இந்தப் புழு தரைக்கு இறங்கிவிடும், கோரிக் குஞ்சுக்கு அதுவே வசதி. வினிகர் புழு நீரின் நடுவிலேயே நெளிந்துகொண்டிருக்கும். மேலே நீந்தும் குஞ்சுகளுக்கு அருமை, இவற்றுக்கு அவ்வளவாகப் பயனில்லை. பிக்மி கோரியின் குஞ்சு மிகச் சிறியது. அதற்கு முதல் சில நாள் பாசி படிந்த பழைய தொட்டிச் சூழலும் நுண்ணுயிர் நீரும் தேவைப்படும்.

தின்றதா என்று எப்படித் தெரியும்? தீனி போட்ட அரை மணி நேரம் கழித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆர்டீமியா தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு மணிபோல ஒளிரும். பத்துக் குஞ்சில் எட்டுக்கு அப்படி இருந்தால் சரி. வயிறு வெளிறி உள்ளொடுங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் பட்டினி. பட்டினியும் தரை அழுக்கும் ஏறத்தாழ ஒரே நாளில் கொல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். செத்த குஞ்சைப் பாருங்கள். ஒடுங்கிய வயிறும் முழுத் துடுப்பும் இருந்தால் உணவு எட்டவில்லை. வயிறு நிறைந்து துடுப்பு அரித்திருந்தால் தரை. துடுப்பும் வயிறும் நன்றாக இருந்து, தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் கூட்டமாகச் செத்திருந்தால் குளோரின் அல்லது வெப்ப வித்தியாசம்.

தினசரி வேலை இதுதான். தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஏர் டியூபால் தரையை அங்குலம் அங்குலமாக உறிஞ்சுங்கள். குழாயின் நுனியில் ஒரு மெல்லிய குச்சியைக் கட்டிக்கொண்டால் பேனாபோலப் பிடித்துச் செலுத்தலாம். தண்ணீர் வாளிக்குப் போகக் கூடாது, வெள்ளை பேசினுக்குப் போகட்டும். குஞ்சு தப்பிப் போயிருந்தால் வெள்ளையில் உடனே தெரியும். கரண்டியால் எடுத்துத் திரும்ப விடலாம், அந்தப் பயணத்தில் அவை சாவதில்லை. 10 லிட்டரில் 4 லிட்டர் வரை எடுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, ஒரு டிகிரிக்குள் அதே வெப்பத்தில், ஏர் டியூபில் நூல்போல ஒழுகி அரை மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். குழாய் நீரில் குளோராமைன் இருந்தால் இரவெல்லாம் காற்றடித்து வைத்தாலும் போகாது, நீக்கி மருந்து கட்டாயம். தீனி ஒரு நாளைக்கு மூன்று முறை, சிறிது சிறிதாக. ஒரே முறை அதிகமாகப் போட்டு மிச்சம் வைப்பதைவிட ஒரு வேளை தவறுவது மேல்.

இரண்டாம் வாரத்தில் பொடித்த குருணையை மைக்ரோ வார்மோடு கலந்து பழக்கலாம். மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் வரும், கூட்டமாக அலையத் தொடங்கும். அதன் பிறகு இழப்பு மிகக் குறைவு. அப்போது இடத்தைப் பெருக்குங்கள். ஐம்பது குஞ்சுக்கு 60 x 30 செ.மீ. தரை வேண்டும். இடமின்றி வளர்ந்தவை சிறுத்தே நின்றுவிடும், பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் ஈடாகாது.

ஹைட்ரா பற்றி ஒரு வார்த்தை. ஆர்டீமியா மிஞ்சும் தொட்டியில் கண்ணாடியில் வெள்ளை நூல்கள் போல, நுனியில் கைகள் விரித்து முளைக்கும். சின்னக் குஞ்சைப் பிடித்துக் கொல்லும். ஒன்றிரண்டு கண்டால் வழித்து எடுங்கள். நிறைந்துவிட்டால் குஞ்சுகளை வேறு தொட்டிக்கு மாற்றி, பழையதைக் கொதிநீரால் கழுவிக் காயவையுங்கள்.

பிரிஸ்டில்நோஸ் கதை தலைகீழ். அங்கே முட்டையைத் தந்தை பார்த்துக்கொள்கிறது, நமக்கு வேலை தீனியில். ஆணின் மூக்கிலும் நெற்றியிலும் கிளைவிட்ட மீசைகள் எழும். பெண்ணுக்கு உதட்டோரம் குட்டையாகச் சில இருக்கலாம், அவ்வளவுதான். ஆண் குகையைத் தேர்ந்து, பெண்ணை உள்ளே விட்டு, முட்டையிட்டதும் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுத் துடுப்பால் ஓயாமல் விசிறும். முட்டை ஆரஞ்சு மஞ்சளில், பெரிதாக, திராட்சைக் கொத்துபோல ஒட்டியிருக்கும். விசிறும் நாட்களில் ஆண் பெரும்பாலும் தின்னாது.

ஆண் முட்டையைத் தள்ளுவதற்கு மிகப் பொதுவான காரணம் குகை. உங்கள் குகை எவ்வளவு அகலம்? ஆண் உள்ளே நுழைந்து இரு பக்கத் துடுப்பும் சுவரில் பட நிற்க வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. எட்டு பத்து சென்டிமீட்டர் ஆணுக்கு நான்கு ஐந்து சென்டிமீட்டர் விட்டமும் பன்னிரண்டு பதினைந்து நீளமும் உள்ள, பின்பக்கம் அடைத்த சுட்ட மண் குழாய் பொருந்தும். அகலமான குகையில் பெண் எளிதாகத் தப்பும், முட்டை சுவரில் சரியாக ஒட்டாது, விசிறும்போது கொத்து பெயர்ந்து உருண்டுவிடும். அது தானாக உருண்டதுதான். ஆண் தள்ளியதாக நமக்குத் தோன்றும். அடுத்தது ஆக்சிஜன். 28 டிகிரிக்கு மேல் போனால் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் குறையும், ஆண் விசிறியும் போதாது. குகை வாயருகே நீரோட்டம் இருக்கட்டும், வாய்க்குள் நேராக அடிக்க வேண்டாம். மூன்றாவது, தொந்தரவு. டார்ச் அடித்து அடிக்கடி எட்டிப் பார்த்தாலே இளம் ஆண் கைவிட்டுவிடும். முதல் இரண்டு மூன்று ஈடு எந்த ஆணும் தடுமாறும். ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் மட்டும். இரண்டு இருந்தால் சண்டையில் முட்டை போகும், சில சமயம் ஆணும் போகும்.

வெளியே விழுந்த கொத்தைக் காப்பாற்றலாம். அதே தொட்டியில் வலைப்பெட்டி தொங்கவிட்டு, கொத்தை உள்ளே வைத்து, அடியில் ஏர் ஸ்டோன் வையுங்கள். கொத்து மெல்ல அசைய வேண்டும், சுழலக் கூடாது. வெள்ளையானவற்றைச் சாமணத்தால் பிய்த்து எடுங்கள். 26 டிகிரியில் நான்கு முதல் ஏழு நாளில் பொரியும். பெரிய மஞ்சள் பையைச் சுமந்துகொண்டு வாயால் வலையில் ஒட்டிக்கிடக்கும். பை வற்ற ஏறத்தாழ ஒரு வாரம். அதுவரை தீனி வேண்டாம்.

பை வற்றியதும் பட்டினி தொடங்கிவிடும். பிரிஸ்டில்நோஸ் குஞ்சுகள் சாவதில் பெரும்பங்கு பட்டினிதான். இவற்றுக்கு வேளைத் தீனி என்று இல்லை, விழித்திருக்கும் நேரமெல்லாம் சுரண்டிக்கொண்டே இருக்கும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்த சுக்கினி, வெள்ளரி, பசலைக்கீரை ஆகியவற்றை முள்கரண்டியில் குத்தித் தரையில் படுக்க வையுங்கள். கூடவே ஸ்பைருலினா வில்லை. தோலைத் தவிர எல்லாவற்றையும் தின்னும். மிச்சத்தைப் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுத்து, உடனே புதிது வையுங்கள். இடைவெளியில் சுரண்டுவதற்கு, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறிய மரத்துண்டு ஒன்று அவசியம். அதன்மேல் படரும் படலம் குஞ்சுக்கு உணவு. படலம் கோரியைக் கொல்லும், இதற்கு உணவா என்று கேட்கலாம். ஒன்று அழுகும் தீனியின்மேல், காற்றோட்டமில்லாத தரையில் வளர்வது. மற்றது ஓடும் நீரில், மரத்தின்மேல் பாசியோடு வளர்வது. இரண்டும் வேறு வேறு உயிர்க்கூட்டம்.

காய்கறி தண்ணீரை வேகமாகக் கெடுக்கும். எண்பது குஞ்சுள்ள 60 லிட்டர் தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றுவது குறைந்தபட்சம். எட்டுப் பத்து வாரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் வந்துவிடும். பெண் மறுபடி ஆறு வாரத்துக்குள் தயாராகிவிடும் என்பதால், குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த பிறகே அடுத்த ஈடுக்குக் குகை வையுங்கள். இல்லையென்றால் குகையை எடுத்துவிடுவதே நல்லது.

இந்த இரண்டும் கைவந்த பிறகு ஜீப்ரா ப்ளெகோ என்ற வரிக் கெளுத்தியைப் பற்றி யோசிக்கலாம். 1991-இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன் பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் மட்டும் வாழ்கிறது. அதன் இருப்பிடம் பெலோ மோன்ட்சி அணையால் பாதிக்கப்பட்டது. 2022-இல் சைட்டீஸ் எனப்படும், அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எனவே ஆவணமுள்ள, தொட்டியில் பிறந்த மீனை மட்டும் வாங்குங்கள். 28 முதல் 30 டிகிரி, பலமான நீரோட்டம், புழுவும் இறால்தீனியும். ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான். சுக்கினி வைத்துவிட்டுக் காத்திருந்தால் இது மெலிந்து போகும். செவ்வால் கெளுத்தி, பங்காசியஸ் போன்றவற்றை வீட்டில் முயல வேண்டாம். அவை முதிரும் அளவுக்கு எந்தத் தொட்டியிலும் இடமில்லை, பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டே முட்டை எடுக்கிறார்கள்.

குஞ்சுகளை மாற்றும்போது வலை வேண்டாம். கோரியின் மார்புத் துடுப்பு முள் வலைக்கண்ணில் சிக்கி, எடுக்கும்போது முறியும். டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். தூரப் பயணத்துக்குக் கட்டும் முன் ஒரு நாள் தீனி நிறுத்துங்கள். மிரண்ட கோரி முள்ளடியிலிருந்து நஞ்சு கசியவிடும், மூடிய பையில் அது அதே பையிலுள்ள எல்லாவற்றையும் கொன்றுவிடும். அதனால் முதலில் ஒரு வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் விட்டு, தண்ணீரை மாற்றி, பிறகு பைக்கு ஆறு ஏழு என்று பிரித்துக் கட்டுங்கள்.